பல் எஞ்சும், படித்தது எஞ்சுமா?



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அங்கிருந்து வடமேற்கே சென்றால் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த காரை என்னும் ஊர் வரும். மழைநீர் அறுத்த ஓடைகளும், வறண்ட களிமண் மேடுகளும் நிறைந்த பகுதி அது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலடியாக இருந்தது. அந்தக் கடலில் சுறாமீன்கள் திரிந்தன. இது நமக்கு எப்படித் தெரியும்? அவற்றின் பற்கள் அந்தக் களிமண்ணில் புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன.

சுறாவின் உடல் என்னவாயிற்று? அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. பெரும்பாலும் மக்கிப் போய்விட்டது. தசை போயிற்று, தோல் போயிற்று. பல் மட்டும் எஞ்சியது.

பல் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்படும் உங்களுக்கு இந்தக் கதையை ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. அந்தப் பல் ஏன் அழியவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால், நுழைவுத் தேர்வின் பாதிப் பாடங்களைத் தொட்டுவிடலாம். இது முதல் காரணம். அடுத்தது, தேர்வுக்குத் தயாராவதும் இதே கேள்விதான். ஈராண்டுகளாகப் படித்துக் குவித்ததில், தேர்வு நாளன்று எது எஞ்சி நிற்கும்?

தேர்வு எப்படிப்பட்டது?

பல் மருத்துவத்துக்கென்று தனி நுழைவுத் தேர்வு நம் நாட்டில் இப்போது இல்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் பி.டி.எஸ். படிப்புக்கும் ‘நீட்’ என்ற ஒரே தேர்வுதான். 2025 ஆம் ஆண்டில் நடந்த தேர்வை எடுத்துக்கொள்வோம். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90, ஆக மொத்தம் 180 வினாக்கள். நேரம் 180 நிமிடங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும்; விடையளிக்காமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மொத்தம் 720 மதிப்பெண்கள். கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31 ஆம் நாளுக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், நீங்கள் எழுதும் ஆண்டின் தகவல் ஏட்டை வாங்கிப் படித்துவிடுங்கள்.

தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது. ஆகவே தமிழ்வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அதன் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘தாங்கல் கரைசல்’ என்று படிக்கும்போதே ‘பஃபர்’ என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவந்தால் போதும்.

பல்லைக் காணோம்!

இங்கே ஒரு வேடிக்கை. பற்களின் வகையும் எண்ணிக்கையும் உயிரியலில் ‘செரிமானமும் உட்கிரகித்தலும்’ என்ற பாடத்தில் வரும். 2024 ஆம் ஆண்டுத் தேர்வுக்காகத் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் அந்தப் பாடமே நீக்கப்பட்டுவிட்டது. பல் மருத்துவர் ஆவதற்கான தேர்வில் பல்லுக்கு இடமில்லை!

ஆனால் உற்றுப் பாருங்கள். பல் எங்கும் போய்விடவில்லை. துண்டு துண்டாகப் பாடத்திட்டம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. வேதியியலில் அயனிச் சமநிலையிலும், இயற்பியலில் திருப்புத்திறனிலும் ஒளியியலிலும், உயிரியலில் பரிணாமத்திலும் ஹார்மோன்களிலும் பல் இருக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்போமா?

வேதியியல் சொல்வது

நம் பல்லின் மேலுறையான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள்தான். கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் அயனிகள் சேர்ந்த அந்தத் தாதுவுக்கு ஹைட்ராக்சி அபடைட் என்று பெயர்.

இப்போது ஒரு கைப்பிடி பொரிவிளங்காய் உருண்டையையோ, ஒரு மிட்டாயையோ வாயில் போடுகிறீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் ஏறத்தாழ 7 ஆக இருந்த பிஎச் 5.5 க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். 7 க்கும் 5.5 க்கும் வித்தியாசம் ஒன்றரைதானே என்று எண்ணிவிடாதீர்கள். பிஎச் என்பது மடக்கை அளவு. ஒன்றரை குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது.

ஏன் கரைகிறது? ஹைட்ரஜன் அயனிகள், கரைசலில் இருக்கும் ஹைட்ராக்சில் அயனிகளையும் பாஸ்பேட் அயனிகளையும் பிடித்துக்கொள்கின்றன. குறைந்ததை ஈடுகட்டத் திண்மம் மேலும் கரைகிறது. லீ சாட்லியர் தத்துவம் என்று நீங்கள் மனப்பாடம் செய்ததுதான் இது. பிறகு உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை மட்டுப்படுத்தி, பிஎச் அளவை மெல்ல மீண்டும் உயர்த்துகிறது. அதுதான் தாங்கல் கரைசலின் வேலை.

சுறாப் பல்லின் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அதன் மேலுறையில் ஹைட்ராக்சில் அயனியின் இடத்தில் ஃபுளோரைடு அயனி அமர்ந்திருக்கிறது. ஃபுளோர் அபடைட் என்னும் இந்தத் தாது அமிலத்துக்கு எளிதில் அசையாது. பிஎச் ஏறத்தாழ 4.5 வரை இறங்கினால்தான் கரையும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் இந்தத் தொல்லை நெடுநாளாக உண்டு. அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

இயற்பியல் சொல்வது

பொங்கலன்று கரும்பை ஒடிக்க முன்பல்லை நம்புவதில்லை. வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறோம். ஏன்? தாடை ஒரு நெம்புகோல். காதின் முன்னே இருக்கும் மூட்டு அதன் தாங்குபுள்ளி. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: தாடையை இழுக்கும் தசை மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டரில் 600 நியூட்டன் விசையைத் தருகிறது. கடைவாய்ப்பல் 6 சென்டிமீட்டரிலும், முன்பல் 10 சென்டிமீட்டரிலும் இருக்கின்றன. திருப்புத்திறன்கள் சமம் என்று எழுதினால், கடைவாய்ப்பல்லில் 400 நியூட்டன் விசை கிடைக்கிறது. முன்பல்லில் 240 நியூட்டன்தான்.

பல் மருத்துவர் வாய்க்குள் நீட்டும் சிறு கண்ணாடியைக் கவனித்திருக்கிறீர்களா? பாடநூலில் அது குழியாடி. குவியத் தொலைவு 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பல்லிலிருந்து 2 சென்டிமீட்டர் தொலைவில் அதைப் பிடித்தால், பிம்பம் ஆடிக்குப் பின்னே 4 சென்டிமீட்டரில் தோன்றும். அது நேரான மாயபிம்பம், உருப்பெருக்கம் 2. குறியீட்டு மரபைப் பின்பற்றி நீங்களே போட்டுப் பாருங்கள். பொருள் குவியத்துக்கு உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்ற விதி, இனி உங்களை விட்டுப் போகாது.

உயிரியல் சொல்வது

சுறாவுக்குப் பல் விழுந்தால் மற்றொன்று வரும். வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். நமக்குப் பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. அதாவது 20 இடங்களில் இருமுறை முளைக்கின்றன. எஞ்சிய 12 கடைவாய்ப்பற்கள் ஒரே முறைதான். எனாமலை உண்டாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் குழிந்தால் தானாக வளராது. பல் மருத்துவம் என்ற தொழிலே இந்த உண்மையிலிருந்துதான் பிறந்தது எனலாம்.

ஒரே ஒரு பல்லைக் கொண்டு மூன்று பாடங்களையும் கடந்து வந்துவிட்டோம். இப்படி நீங்களும் ஒரு பொருளை மையமாக வைத்துப் பின்னிப் பாருங்கள். கொள்ளிடத்து மணல், வீட்டுப் பம்புசெட்டு, கறவை மாடு, எதுவானாலும் சரி. தனித்தனியாக மனத்தில் போட்ட செய்தி உதிர்ந்துவிடும். ஒன்றோடொன்று பிணைந்த செய்தி நிற்கும்.

எது நினைவில் நிற்கிறது?

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ். 1885 இல் அவர் வெளியிட்ட நூலின்படி, படித்தவற்றில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது. அதைத் தடுக்க வழி என்ன? அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகியிருந்தது! மூடிவைத்து எழுதியவர்கள் 56 விழுக்காடும், இருமுறை படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள்.

இதில் உங்களுக்கு உள்ள செய்தி எளியது. ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். பழைய நோட்டின் பின்பக்கம் போதும்.

இன்னும் ஒன்று. திருமழபாடியில் பங்குனி மாதம் நந்தி கல்யாணம் சிறப்பாக நடக்கும். ‘நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்’ என்பது அந்தப் பக்கத்துச் சொல்வழக்கு. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிவதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். ‘நீட்’ தேர்வோ பெரும்பாலும் சித்திரையில், மே மாத முதல் ஞாயிறன்று வந்துவிடும். இடையில் கிடைப்பவை சில வாரங்களே. அந்த வாரங்களைப் புதிதாகப் படிப்பதற்கு ஒதுக்காதீர்கள்; மூன்று மணி நேர மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உயிரியலுக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று பிரித்தால், சரிபார்க்க 20 நிமிடம் மிஞ்சும். இது ஓர் அளவுகோல்தான். உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஊகிக்கலாமா?

‘தெரியாத வினாவைத் தொடாதே’ என்பார் ஒருவர். ‘எதையும் விடாதே’ என்பார் மற்றொருவர். நிகழ்தகவைக் கேட்போம். ஒன்றுமே தெரியாமல் 20 வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக 5 சரியாகும். 5 சரிக்கு 20 மதிப்பெண்; 15 தவறுக்கு 15 குறையும். மிச்சம் 5. ஆனால் அன்று 3 மட்டும் சரியானால், 12 இலிருந்து 17 போய், கையில் உள்ளதில் 5 குறைந்துவிடும். ஆகக் கண்ணை மூடிக் குறிப்பதில் ஆதாயம் மிகச் சிறிது, ஆபத்தும் உண்டு.

நான்கில் இரண்டு விடைகள் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கதை வேறு. அப்போது ஒரு வினாவுக்குச் சராசரி ஆதாயம் ஒன்றரை மதிப்பெண். ஒரு விடையை மட்டும் நீக்க முடிந்தாலும் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆகவே ‘இது ஏன் தவறு?’ என்று கேட்டுப் பழகுங்கள். அரைகுறை அறிவுக்குக்கூட இத்தேர்வில் விலை உண்டு.

தேர்வு அளக்காத ஒன்று

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920 இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. சென்னையில், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953 இல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அன்று முதல் இன்று வரை இந்தத் தொழிலுக்குப் படிப்பறிவோடு கைத்திறனும் வேண்டும். பி.டி.எஸ். முதலாண்டில் மெழுகுக் கட்டியிலிருந்து பற்களைச் செதுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பல்லின் வளைவும் பள்ளமும் கைக்குத் தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்று தனித் திறனறி தேர்வு உண்டு. ஒரு காலத்தில் அத்தேர்வின் ஒரு பகுதியாகச் சுண்ணக்கட்டியைச் செதுக்க வேண்டியிருந்தது! 1972 இல் அதை நீக்கி, உருவங்களை மனக்கண்ணால் மடித்தும் திருப்பியும் பார்க்கும் வினாக்களை வைத்தார்கள். நம் தேர்வில் இவ்விரண்டுமே இல்லை. எனவே 720 என்ற எண் உங்களை முழுவதும் அளந்துவிடுவதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கையை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டு சலவைச் சோப்பு, மழுங்கிய சிறு கத்தி, அளவுகோல் இவை போதும். முதலில் 2 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று செதுக்குங்கள். பிறகு கண்ணாடியில் உங்கள் முன்பல்லைப் பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு பெரிதாக ஒன்று செய்யுங்கள். கத்தியை உடலுக்கு எதிர்ப்பக்கமாகவே தள்ள வேண்டும். முதல் பல் கோணலாக வரும். பத்தாவது பல் உங்களுக்கே வியப்பைத் தரும். எஞ்சிய தூளைத் துணி துவைக்கக் கொடுத்துவிடலாம்.

வாசல்கள் பல

அரியலூர் மாவட்டத்தில் இத்தேர்வைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழுமூரைச் சேர்ந்த அனிதா, 2017 இல் பிளஸ் டூவில் 1200 க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். அந்த ஆண்டு ‘நீட்’ தேர்வில் அவர் பெற்றது 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை நாம் இழந்தோம். அவர் படித்த பாடநூல் வேறு, தேர்வு கேட்ட கேள்வி வேறு. பாடுபட்டுப் படித்த ஒரு பெண்ணின் அறிவை அந்த எண் சொல்லவில்லை என்பதை அந்த மாவட்டம் அறியும்.

அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. மாநிலப் பாடநூல்கள் 2018 முதல் புதிதாக எழுதப்பட்டன. 2020 இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் இயற்றியது. 6 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்புகளிலும் பல் மருத்துவப் படிப்பிலும் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்படுகிறது. நீங்கள் அரசுப் பள்ளி மாணவராக இருந்தால், இந்த வகுப்புகளில் படித்ததற்கான சான்றுகளை இப்போதே பத்திரப்படுத்துங்கள். சென்னை, கடலூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பி.டி.எஸ். என்பது நான்காண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு பயிற்சி.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் கிடைக்காமல் போகலாம். போகட்டும். மறுமுறை எழுதலாம், செவிலியர், மருந்தியல், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், புதைபடிவ ஆய்வு என்று வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. மனம் பாரமாக இருந்தால் வீட்டில் ஒருவரிடம், ஆசிரியரிடம், நண்பரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை கிடைக்கும். உதவி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பல்வலிக்கு மருத்துவரிடம் போக நாம் வெட்கப்படுகிறோமா?

திருமழபாடிக் கோயிலில் இருக்கும் இறைவனின் பெயர் வைத்தியநாதர். மருத்துவர்களுக்குத் தலைவர் என்பது பொருள். அந்தப் பெயரைக் கேட்டு வளரும் ஊரிலிருந்து நாளை ஒரு பல் மருத்துவர் வரலாம். அவரிடம் நோயாளி கேட்கப்போவது, ‘நீட் மதிப்பெண் எவ்வளவு?’ என்றல்ல, ‘வலிக்குமா, டாக்டர்?’ என்றுதான். அந்தக் கேள்விக்கு ஆதரவாகப் பதில் சொல்லும் மனமும், நடுங்காத கையும், பல் ஏன் கரைகிறது என்று புரிந்த அறிவும் அவரிடம் இருக்க வேண்டும்.

இன்றிரவு ஒரு பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, எழுதிப் பாருங்கள். எவ்வளவு எஞ்சுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.